தூண்டிலும் கொசுவும்

தூண்டில் போடுகிறவனைப் போன்ற பொறுமைசாலி உலகத்தில் கிடையாது என்று பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. அவனைக் காட்டிலும் பெரிய பொறுமைசாலி ஒருத்தி ஆற்றங்கரையில் உண்டு. மீன் எப்போது தக்கையை இழுக்கப் போகிறது என்று அவன் காத்திருக்கிறான். அவன் எப்போது அசையாமல் உட்காரப் போகிறான் என்று கொசுவம்மாள் காத்திருக்கிறாள். "கொசுவம்மாள்" என்று நான் சொல்வது வெறும் பரிகாசம் அல்ல. கொசு ஜாதியில் ஆண்கள் பூவின் தேனைக் குடித்துவிட்டுச் சாதுவாக இருப்பவர்கள். முட்டை வளர்ப்பதற்காக இரத்தம் தேடிக்கொண்டு வருகிறவர்கள் பெண்களே. அதிலும் ஒரு வேடிக்கை என்னவென்றால், கெளுத்தி மீன் கரையோரம் இரை தேடி வரும் அந்தி நேரம் எதுவோ, அதுவேதான் அநேகக் கொசுக்களுக்கும் போஜன நேரம். யார் யாரைப் பிடிக்க வந்தார்கள் என்று கரையிலுள்ள மரங்களுக்கே அப்போது சந்தேகம் வந்துவிடும்.

பரமத்தி வேலூருக்குச் சமீபத்தில், காவிரிக் கரையை ஒட்டி, என் சிநேகிதர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. சென்ற மாசி மாதத்தில் அங்கே கூடாரம் அடித்து, இரண்டு இரவு தங்கித் தூண்டில் போட்டு வரலாம் என்று தீர்மானித்தேன். துணைக்கு என் தங்கையின் மகனைக் கூப்பிட்டேன். அவனுக்கு வயது 14. பிரயாணம் என்ற சொல்லைக் கேட்டதும் பையன் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டான். ஆனால் அவன் தாயார் வாசற்படியில் நின்று மறியல் செய்தாள்.

"அண்ணா! நீங்கள் மீனுக்கு இரை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பிள்ளையைக் கொசுவுக்கு இரை போட மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்" என்றாள்.

அவள் பேச்சைச் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. முந்தின வருஷம் ஐப்பசியில் அந்தப் பையன் டெங்குக் காய்ச்சலில் விழுந்து, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவன். டெங்கு வைரஸில் 4 வகை இருக்கின்றன. ஒரு வகை வந்து போனவனுக்கு இன்னொரு வகை வந்தால், இரண்டாவது தடவை முதல் தடவையைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். இதை டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். இதைக் கேட்டுக்கொண்ட எந்தத் தாய்தான் நிம்மதியாக இருப்பாள்?

ஆனால் அவளுடைய பயத்துக்கு விலாசம் மட்டும் தப்பாக இருந்தது. நாம் "கொசு" என்று ஒரே பெயரால் திட்டுகிறோமே, அவை எல்லாம் ஒரே குடும்பமாக வாழ்கிறவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் வேறு வீடு, வேறு வேளை, வேறு வியாதி. டெங்கைப் பரப்பும் கொசு கால்களில் வெள்ளை வரி போட்டது, பகலில் கடிப்பது, முக்கியமாகக் காலையிலும் சாயங்காலம் பொழுது சாய்வதற்கு முன்னும் கடிப்பது. ஓடுகிற ஆற்றில் அது முட்டையிடுவதில்லை. வீட்டில் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிரீதி. மூடாத தொட்டி, பூந்தொட்டியின் அடித்தட்டு, மொட்டை மாடியில் எறிந்த பழைய டயர் ஆகியவை அதன் பிரசவ விடுதிகள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதன் முட்டை, தண்ணீர் வற்றிப்போன பிறகும் மாதக் கணக்காக உயிரோடிருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

நான் இதைச் சொல்லிவிட்டு, "வா அம்மா, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்" என்றேன். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் தண்ணீர் சொட்டும் தட்டை இழுத்துப் பார்த்தோம். அதில் பத்துப் பன்னிரண்டு புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நடனம் ஆடின. தங்கை ஒரு வார்த்தையும் பேசவில்லை. தட்டை வெயிலில் கொட்டிவிட்டு, தேங்காய் நார் போட்டு அதன் விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்து முடித்ததும், "சரி, கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அங்கே இருக்கிறதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று எனக்கு வரிசையாகச் சொல்லிவிட்டுப் போங்கள்" என்றாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே வாசகர்களுக்கும் சொல்லுகிறேன்.

முதலாவது, இடம். மேட்டூர் அணையில் தண்ணீரைக் குறைத்த பிறகு, மாசியில் காவிரி மெலிந்து ஓடும். மணலிலும் பாறை இடுக்கிலும் அங்கங்கே குட்டைகள் நின்றுவிடும. ஓடும் நீரில் கொசுப்புழு நிலைகொள்ளாது. மீன்கள் உள்ள மடுவிலும் அதற்குப் பிழைப்பு இல்லை, சிறு மீன்கள் தின்று தீர்த்துவிடும். மீன் இல்லாத தேங்கின குட்டைதான் மலேரியாக் கொசுவின் தொட்டில். ஆகையால் குட்டைகளிலிருந்து விலகி, மேடாகவும் காற்றோட்டமாகவும் உள்ள இடத்தில் கூடாரம் அடிக்க வேண்டும். கொசு பலமாகப் பறக்கக்கூடிய பிராணி அல்ல. நல்ல காற்று அடித்தால் அது புதரை விட்டு வெளியே வராது. ஐந்நூறு ரூபாய் மருந்து செய்யாத காரியத்தை ஆற்றுக் காற்று தர்மத்துக்குச் செய்துவிடும்.

தோப்புக்குள் இன்னொரு வேலையும் இருந்தது. தென்னை மரத்தடியில் மழைத் தண்ணீரோ பனி நீரோ ஏந்திக்கொண்டு கிடக்கும் கொட்டாங்கச்சிகளில், டெங்குக் கொசுவுக்குப் பங்காளி முறையான மற்றொரு வரிக் கொசு வளரும். பையனும் நானும் போனவுடன் ஒரு மணி நேரம் கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்துப் போட்டோம். ஏற்கனவே பறந்துகொண்டிருப்பவை அதனால் ஒழிந்துவிடா. அதனால் பகலிலும் உடம்புக்குக் காப்பு வேண்டியிருந்தது.

இரண்டாவது, உடை. வெளிர் நிறத்தில், முழுக்கையாய், தளர்ச்சியாய் இருக்க வேண்டும். இறுக்கமான மெல்லிய துணியின் வழியாகக் கொசு ஊசி போட்டுவிடும். கறுப்பும் கருநீலமும் கொசுவையும் மாட்டு ஈயையும் அழைக்கும் நிறங்கள். கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் பார்ப்பதற்குச் சற்றுக் கோமாளித்தனமாக இருக்கும். ஆற்றங்கரையில் நம்மை யார் பார்க்கப் போகிறார்கள்? மீன்தானே!

மூன்றாவது, பூச்சு. கடைகளில் விற்கும் பூச்சுகளில் அதிகமாகச் சோதிக்கப்பட்டது "டீட்" என்பது. 1944-இல் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த ஸாமுவேல் கெர்ட்லர் என்ற விஞ்ஞானி இதை உண்டாக்கினார். 1946-இல் அந்த நாட்டுப் பட்டாளமும் 1957-லிருந்து பொது ஜனங்களும் உபயோகிக்கத் தொடங்கினார்கள். இது கொசுவைக் கொல்லுவதில்லை; நாம் இருக்கும் இடத்தை அது மோப்பம் பிடிக்காதபடி குழப்பிவிடுகிறது. நூற்றுக்கு 20 பங்கு கலந்த பூச்சு ஏறக்குறைய நான்கைந்து மணி நேரம் காக்கும். வியர்வை வழிந்தால் அதற்கு முன்பே மறுபடி பூசிக்கொள்ள வேண்டும். துணி மூடிய இடத்தில் பூச வேண்டியதில்லை. கண், வாய், புண் இவற்றின் அருகே கூடாது. சிறு குழந்தைகளின் கைகளில் தடவினால் வாய்க்குள் போய்விடும்; பெரியவர்கள் தம் கையில் எடுத்து அவர்கள் மேல் பூச வேண்டும். தூண்டில்காரர்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை: டீட் சிலவகைப் பிளாஸ்டிக்கையும் வர்ணப் பூச்சையும் கரைத்துவிடும். உள்ளங்கையைக் கழுவிவிட்டுத்தான் வர்ணம் பூசிய தக்கையைத் தொட வேண்டும். மூக்குக் கண்ணாடிக்கும் இதே ஜாக்கிரதை தேவை.

இந்தப் பூச்சை நாங்கள் பூசிக்கொண்டிருந்தபோது, அங்கே பரிசல் ஓட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, இதென்ன சென்ட்டுங்களா? எங்களுக்கெல்லாம் நொச்சித் தழைதானுங்க" என்று சொல்லிவிட்டு, காய்ந்த வறட்டியின் மேல் பச்சை நொச்சியைப் போட்டு மூட்டம் போட்டார். புகை படர்ந்த திசையில் கொசு குறைந்தது உண்மை. காற்றுத் திரும்பியதும் கொசுவும் திரும்பியது; நாங்கள் இருமியதுதான் மிச்சம். நொச்சிக்கும் வேம்புக்கும் குணம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவை நல்ல துணைவர்கள். தனியாகக் காவலுக்கு நிறுத்தக்கூடிய சிப்பாய்கள் அல்ல. எலுமிச்சைப் புல் வாசனைத் தைலங்களும் அப்படியே. மணம் இனிமை, ஆயுள் சொற்பம்.

கொசுவத்திச் சுருள் ஜப்பானில் பிறந்தது. உயெயாமா எய்யிச்சிரோ என்பவர் முதலில் நேர்க்குச்சியாகத்தான் செய்தார். அது சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிட்டது. பாம்பைப் போல் சுருட்டிவிட்டால் நீண்ட நேரம் எரியுமே என்று 1895-இல் யோசனை சொன்னவர் அவருடைய மனைவி யூக்கி அம்மாள். 1902 முதல் அது கடைக்கு வந்தது. திறந்த வெளியில் காலடியில் வைத்துக்கொள்ள அது உசிதமானதே. மூடிய கூடாரத்துக்குள் மட்டும் கொளுத்தவே கூடாது. நெருப்புப் பயம் ஒரு பக்கம் இருக்க, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75-க்குக் குறையாத சிகரெட்டுகளின் நுண்துகளைக் கக்குகிறது என்று 2003-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறிற்று. கொசுவுக்குப் பயந்து அத்தனை சிகரெட்டை ஒரே இரவில் குடிப்பானேன்?

நான்காவது, இரவு. இருட்டியபின் வருகிறவை மலேரியாக் கொசுவும் யானைக்கால் கொசுவும். இவற்றுக்கு வலைதான் மருந்து. கூடாரத்தின் வலைக்கதவை அந்திக்கு முன்பே மூடி, விளக்கை வெளியே ஒரு கிளையில் மாட்டி வைத்தோம். உள்ளே படுத்தபடி பையனுக்கு ரொனால்டு ராஸின் கதையைச் சொன்னேன். 1897-இல் விடுமுறைக்காக உதகமண்டலம் வந்த அந்த ராணுவ வைத்தியர், மலைக்குக் கீழே சீகூர் பக்கம் போனபோது, எந்தக் காய்ச்சலின் இரகசியத்தைத் தேடிக்கொண்டிருந்தாரோ அதே மலேரியா அவரையும் பிடித்தது. அவர் தேடலை விடவில்லை. அந்த வருஷம் ஆகஸ்டு 20-ஆம் தேதி செகந்திராபாத்தில், ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டுவிட்டார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"மாமா! அவர் முதலிலேயே வலைக்குள் படுத்திருக்கலாமே?" என்றான் பையன்.

"கொசுதான் குற்றவாளி என்று அதுவரைக்கும் யாரும் நிரூபிக்கவில்லையடா. நமக்காக அவர் நிரூபித்துக் கொடுத்திருக்கிறார். நாம் வலைக்கு வெளியே படுத்தால் நம்மைத்தான் சொல்ல வேண்டும்" என்றேன்.

ஐந்தாவதாகச் சொல்லப் போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. கொசுவாவது காதில் பாடிவிட்டுக் கடிக்கிறது. பாடாமல், வலிக்காமல், கண்ணுக்கும் படாமல் கடிக்கிற ஒன்று புதர்களில் இருக்கிறது. உண்ணி இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணிய சிற்றுயிரின் குஞ்சு அது. புல்லின் நுனியில் காத்திருந்து, நம் மேல் ஏறி, இடுப்புப் பட்டியின் ஓரம், அக்குள், முழங்காலின் பின்புறம் போன்ற இடங்களில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வருவதுதான் "ஸ்க்ரப் டைபஸ்" எனப்படும் உண்ணிக் காய்ச்சல். இரண்டாவது உலக யுத்தத்தில் பர்மாப் போர்முனையில் துப்பாக்கிக்குத் தப்பிய சிப்பாய்கள் அநேகரை இது வீழ்த்தியது. நம் தமிழ்நாட்டில் மழையை அடுத்த குளிர் மாதங்களில் இது அதிகமாகக் காணப்படுகிறது. இதற்குத் தடுப்பூசி கிடையாது.

பரிசல்காரப் பெரியவரின் பேரனுக்கே முந்தின வருஷம் இது வந்திருந்தது. ஒரு வாரம் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்களாம். மூச்சுத் திணறத் தொடங்கிய பிறகு, ஒரு டாக்டர் பையனின் சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பு முழுவதும் பார்த்தார். அக்குளில், சிகரெட் சுட்டது போன்ற ஒரு கறுப்புப் பொருக்கு, தொட்டால் வலியில்லை. "அதைப் பார்த்ததுமே டாக்டரம்மா மருந்தை மாத்திட்டாங்க. ரெண்டு நாளிலே காய்ச்சல் விட்டுப் போச்சுங்க" என்று பெரியவர் சொன்னபோது, அவருடைய குரல் சற்றுக் கம்மிற்று. அந்த மருந்து டாக்ஸிசைக்ளின். விலையோ மிக மலிவு. மருந்துக்குப் பஞ்சமில்லை; சந்தேகப்பட ஆள் இல்லாததுதான் ஆபத்து.

ஆகவே கரையில் உட்காருகிறவர்கள் வெறும் புல்லில் உட்காராமல் விரிப்போ முக்காலியோ போட்டுக்கொள்ள வேண்டும். துணிகளைப் புதரின் மேல் உலர்த்தக்கூடாது. வீடு திரும்பியதும் உடுத்திய துணியை வெந்நீரில் போட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, மறைவான இடங்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "ஆற்றங்கரையில் தங்கியிருந்தேன்" என்ற ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் சில சமயம் ஓர் உயிரின் விலை.

இரண்டு நாளில் பையன் மூன்று கெளுத்தியும் ஒரு ஜிலேபிக் கெண்டையும் பிடித்தான். நான் பிடித்ததை இங்கே குறிப்பிட வேண்டிய அவசியமில்லை. தங்கை நாட்காட்டியில் 21 நாட்களுக்குத் தினம் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தாள். காய்ச்சல் வரவில்லை. 22-ஆவது நாள் அவள் என்னிடம் கேட்டது, "அடுத்தாற்போல் எப்போது போகப் போகிறீர்கள்? சின்னவளும் வருகிறேன் என்கிறாள்" என்பதுதான்.

பயப்படாதே என்று ஒரு தாயிடம் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எந்த வேளையில், எந்த இடத்தில் என்று சொல்லிவிட்டால் போதும். மீதியை அவளே பார்த்துக்கொள்வாள். ஊரிலுள்ள குழந்தைகளை எல்லாம் கொசுவுக்குப் பயந்து கதவுக்குள் அடைத்து வைத்தால், ஆறு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். கதவுக்குப் பின்னால் உள்ள தட்டிலோ கொசுப்புழு நிம்மதியாக வளர்ந்துகொண்டிருக்கும்.