நடுரோட்டில் ஒரு சேதி

பசறையிலிருந்து நமுனுகுலப் பக்கம் ஏறும் தோட்டத்து ரோடுகளில், வளைவு திரும்பும் இடங்களில், சில காலைகளில் அது கிடக்கும். புதியதென்றால் கறுத்து முறுக்கேறியிருக்கும். பழையதென்றால் வெயிலில் காய்ந்து சுண்ணாம்பாக வெளுத்திருக்கும். குச்சியால் கிளறினால் முயலின் மயிர், எலும்புச் சில்லு, சில வேளை முள்ளம்பன்றியின் முள் துண்டு. நாயின் வேலை என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அது சிறுத்தையின் எச்சம்.

எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி. ஒரு மலை முழுக்கப் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும்போது, பத்தடி தள்ளித் தேயிலைத் தூருக்கடியில் மூச்சுக் காட்டாமல் படுத்திருக்கத் தெரிந்த பிராணி அது. அப்படி ஒளிந்து வாழ்கிற ஒன்று, இதை மட்டும் ஏன் எல்லோர் கண்ணிலும் படும்படி நடுரோட்டில் வைத்துவிட்டுப் போகிறது?

அது நமக்காக வைத்ததல்ல, இன்னொரு சிறுத்தைக்கு. சிறுத்தை தனித்து வாழும் உயிர். ஓர் ஆணின் எல்லைக்குள் பல பெண் சிறுத்தைகளின் எல்லைகள் அடங்கியிருக்கும். இரண்டு ஆண்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டால் காயம். காயம்பட்டால் வேட்டை இல்லை. வேட்டை இல்லையென்றால் சாவு. ஆகவே முன்கூட்டியே சொல்லி வைக்கிறது. நடுரோட்டில் எச்சத்தை வைப்பதோடு, ரோட்டோரச் செடியில் சிறுநீர் பீய்ச்சுகிறது, பின்னங்காலால் மண்ணைப் பிறாண்டுகிறது, மரப்பட்டையைக் கீறுகிறது. "நான் இருக்கிறேன், இன்றைக்குத்தான் இந்த வழியாகப் போனேன்" என்பதுதான் சேதி. பின்னால் வருகிற சிறுத்தை மோந்து பார்த்துத் தன் வழியைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலான சண்டைகள் இப்படியே நடக்காமல் போகின்றன.

இந்தச் சேதிகளை என் அம்மாயி வாசிப்பார். எழுத்து தெரியாதவர். கூடையை இறக்காமலே குனிந்து ஒரு பார்வை பார்த்து, "நேத்து ராத்திரி போயிருக்கு, மேல் காட்டுக்கு" என்பார். அவர் பறித்த மலைகளில் ஒன்று காட்டை ஒட்டி இருந்தது. கவ்வாத்து வெட்டிய மலையில் ஒரு கோழிக்குஞ்சுகூட ஒளிய முடியாது. வெட்டி மூன்றாம் வருஷம் செடிகள் தோளோடு தோள் சேர்ந்து, அடியில் பகலிலும் இருட்டாக இருக்கும். அப்படி அடர்ந்திருக்கும்போது காட்டோர மலைக்குள் இறங்குமுன் அம்மாயி மட்டக்கம்பால் செடியைத் தட்டிச் சத்தம் எழுப்புவார்.

பள்ளிக்கூடம் விட்டு அவருக்குத் தேத்தண்ணி கொண்டு போன ஒரு பின்னேரம். பனி இறங்கியிருந்தது. நிரையின் கடைசியில் நின்ற அம்மாயி திடீரென்று கையைத் தூக்கினார். பேச்சு நின்றது. கீழே கானுக்குள், செடி நிழலில், வால் நுனி மட்டும் அசைந்தது. ஒருத்தியும் கத்தவில்லை. அம்மாயி மெல்லப் பின்வாங்கி வந்து கங்காணியிடம், "இந்த நெரைய இன்னைக்கி விட்ருங்க. குட்டிக்காரி. பிள்ளைய வச்சிக்கிட்டு அவ எங்க போவா?" என்றார். கங்காணி ஒரு கணம் யோசித்துவிட்டு, எல்லோரையும் பக்கத்து மலைக்குத் திருப்பினார்.

மறுநாள் அம்மாயி அந்தக் கானின் ஈரமண்ணில் தடங்களைக் காட்டினார். தாயின் பாதம் என் உள்ளங்கையை நிறைத்தது. பக்கத்திலேயே குட்டியின் தடம். என் கட்டைவிரலை வைத்தால் அதன் உள்ளங்கால் மறைந்தது. நகத்தின் அடையாளம் இல்லை. "நாய்னா நகம் பதியும். இது நகத்த உள்ள வச்சிக்கிட்டு நடக்கும்" என்றார். அன்று அவர் முகத்தில் பயத்தைவிடப் பரிவுதான் தெரிந்தது. கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறி, பால் கொடுக்க இடைவேளையில் ஓடி இறங்கிய காலத்தை அவர் நினைத்திருக்க வேண்டும். சிறுத்தை மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சுமந்து, பெரும்பாலும் இரண்டு குட்டி ஈனும். ஒன்றரை வருஷமாவது கூட வைத்துக்கொண்டு வேட்டை பழக்கும். அவ்வளவு நாளும் அந்தப் பெண்ணுக்குத் துணை கிடையாது.

உலகத்துப் பூனைகளில் பெரியது புலி. ஆண் புலி 200 கிலோவைத் தாண்டும். நம் சிறுத்தையில் ஆணின் சராசரி எடை 56 கிலோ அளவுதான். ஆனாலும் இந்தத் தீவில் அதற்கு மேல் யாரும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தார்கள். இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டவில் கிடைத்த பற்களை வைத்து, இங்கே சிங்கம் வாழ்ந்தது என்று பி. ஈ. பி. தெரணியகல 1939 இல் எழுதினார். அதே வட்டாரத்தில் கிடைத்த பல்லும் விரலெலும்பும் புலியுடையவை என்று 2005 இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தப் பல்லுக்கு வயது ஏறத்தாழ 16,500 வருஷம். சிங்கமும் புலியும் அழிந்துபோக, சிறுத்தை தங்கிவிட்டது. இந்தியாவில் புலிக்குப் பயந்து இரையை மரத்தில் ஏற்றி வைக்கிற பிராணி, இங்கே பெரும்பாலும் தரையிலேயே வைத்துத் தின்கிறது. நடுரோட்டில் நிதானமாக நடப்பதும் அதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

அதன் மேல் கைவைக்கத் துணிந்தது மனிதன் மட்டுமே. வெள்ளைக்காரரின் வேட்டைத் துப்பாக்கிகளின் காலத்தில்தான் மலைக்காடுகள் கோப்பிக்காக விழுந்தன. பிறகு தேயிலை வந்தது. நம் முன்னோர் லயங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். வெட்டாமல் எஞ்சியது மலை முகட்டுக் காடும் ஓடையோரமும் செங்குத்தான பள்ளமும்தான். சிறுத்தை அந்த மிச்சத்தில் குடியிருக்கிறது. அன்ட்ரூ கிட்டில், அஞ்சலி வொட்சன் என்ற ஆய்வாளர்கள் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் தானியங்கிக் கமரா கட்டி, தோலின் புள்ளிகளை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். இரண்டு சிறுத்தைகளுக்கு ஒரே புள்ளிக்கோலம் இருப்பதில்லை.

மனிதரைத் தேடித் தின்ற சிறுத்தை என்று இலங்கையில் உறுதியாகப் பதிவானது ஒன்றே ஒன்று. மட்டக்களப்புப் பக்கம் புணானையில் பன்னிரண்டு பேரையாவது கொன்று, 1924 இல் சுடப்பட்டது. மலையில் கொழுந்து பறிப்பவர்கள் கீறுபட்ட சம்பவங்கள் உண்டு. பெரும்பாலும் அவை படுத்திருந்த சிறுத்தை திடுக்கிட்டு, வழி தேடிப் பாய்ந்தபோது நடந்தவை. அந்தப் பெண்களின் காயமும் வேதனையும் சிறியதல்ல. அடர்ந்த மலைக்குள் இறங்குமுன் சத்தம் எழுப்பும் பழக்கம் இரு தரப்பையும் காக்கும்.

இப்போது சிறுத்தையைக் கொல்வது துப்பாக்கியைவிடக் கம்பி. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி கிளறுகிறது என்று பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டு வேலியோரம் வைக்கிறார்கள். சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படி மாட்டியது. உயிரோடு மீட்டு, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் செத்தது. ஊவாவில் இன்னொரு கேடும் உண்டு. வறண்ட காற்றுக் காலத்தில் புல்மலைக்கு வைக்கிற தீ, முகட்டுக் காட்டின் ஓரத்தை ஆண்டுதோறும் தின்றுகொண்டே போகிறது.

பன்றியால் ஒரு குடும்பத்தின் உழைப்பு ஒரே இரவில் போவது எனக்குத் தெரியும். அதற்கு நட்டஈடும் நல்ல வேலியும் கேட்போம். தோட்ட நிர்வாகத்திடமும் அரசாங்கத்திடமும் சேர்ந்தே கேட்போம். ஆனால் சுருக்கு வேண்டாம். காட்டோரத்தில் கம்பியைக் கண்டால் கழற்றி எடுங்கள். ஏதாவது மாட்டியிருந்தால் கிட்டப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். புல்லுக்குத் தீ வைக்கிறவரைத் தடுங்கள். முகட்டுக் காட்டில் விறகுக்குக் கூடக் கத்தி வைக்காதீர்கள். அந்தக் காடு நின்றால்தான் நம் லயத்துப் பீலிக்கும் தண்ணீர் வரும்.