அரைகுறை ஃபிரேம் வேண்டாம்

விண்டோவின் இடது ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வலது ஓரம் அசையாமல் நிற்க வேண்டும். டிஸ்பிளே சர்வரின் தரத்தை நான் அங்கேதான் பார்ப்பேன். இடது பக்கம் இழுக்கும்போது விண்டோவின் அளவும் இடமும் சேர்ந்தே மாறுகின்றன. இரண்டில் ஒன்று ஒரு நொடித்துளி முந்தினாலும் வலது ஓரம் நடுங்கிவிடும்.

1984இல் எம்ஐடியில் தொடங்கி 1987இல் எக்ஸ்11 ஆன எக்ஸ் அமைப்பில் இந்த நடுக்கம் சகஜம். அங்கே சர்வர், விண்டோ மேனேஜர், செயலி மூன்றும் தனித்தனி நிரல்கள். விண்டோவின் சட்டத்தை மேனேஜர் பெரிதாக்கிவிடும். உள்ளே வரைய வேண்டிய செயலிக்குச் சேதி பிறகுதான் போகும். அந்த இடைவெளியில் திரை புதுப்பிக்கப்பட்டால் ஓரத்தில் கறுப்புப் பட்டை மின்னும். அதற்காக எக்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நினைவகம் அரிதாக இருந்த காலம் அது. மறைந்த பகுதியைச் சேமித்து வைக்காமல், வெளிப்பட்டதும் செயலியைத் திரும்ப வரையச் சொன்னது அன்றைக்குச் சரியான முடிவு.

2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய, எக்ஸுக்கு மாற்றான வேலண்ட், அரைகுறைப் படம் பயனர் கண்ணில் படவே கூடாது என்ற பிடிவாதத்தோடு வந்தது. செயலி தன் படத்தைத் தானே ஒரு பஃபரில் முழுதாக வரைகிறது. பஃபரை இணைப்பதும் மாறிய பகுதியைச் சொல்வதும் நிலுவையில் கிடக்கும். செயலியின் கமிட் கோரிக்கை வந்ததும் மொத்தமும் ஒரேயடியாகச் செல்லுபடியாகும். அளவு மாற்றமும் அப்படித்தான். விண்டோக்களைத் தொகுத்துத் திரையில் காட்டும் காம்போசிட்டர் புதிய அளவை ஒரு வரிசை எண்ணோடு சொல்கிறது. செயலி அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி ஒப்புக்கொண்டு, புதிதாக வரைந்து, கமிட் செய்கிறது. அதுவரை பழைய படமே நிற்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சுற்றுக்கு 16.67 மில்லிவிநாடிதான் அவகாசம். அதைத் தவறவிட்டால் படம் தாமதமாகும், சிதையாது. இந்தத் தேர்வை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் வேலண்டில் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் திரைப் பகிர்வுக்கும் புது வழிகள் வர ஆண்டுகள் பிடித்தன. அதில் பயனர்களுக்கு உள்ள மனக்குறை நியாயமானது.

ஓரம் நடுங்குகிறது என்று யாராவது சொன்னால், வேலண்டின் டீபக் சூழல் மாறியை 1 ஆக்கிச் செயலியை ஓட்டச் சொல்வேன். செய்திகள் வரிசையாக ஓடும். ஒப்புதலுக்கும் கமிட்டுக்கும் நடுவே புதிய அளவில் பஃபர் இணைந்ததா என்று பார்ப்பேன். பழைய பஃபரோடு கமிட் போயிருந்தால், திருத்த வேண்டியது செயலியை.