கொடியில்லாத களவு



திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தால், அதன் கொடியைப் பார்த்தே எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்லிவிடலாம். கணனி வழியாக வரும் களவுக்குக் கொடியுமில்லை, துறைமுகமுமில்லை.

உப்புவெளியில் எங்கள் பகுதித் தாய் ஒருவர், மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய பணத்தை ஒரே தொலைபேசி அழைப்பில் இழந்தார். பணம் வெளிநாடொன்றுக்குப் போய்விட்டதாம். "களவெண்டா எல்லா நாட்டுலயும் களவுதானே, மௌலவி?" என்று என்னிடம் கேட்டார்.

களவுதான். ஆனால் சட்டம் எல்லையில் நின்றுவிடுகிறது.

2016 பெப்ரவரி 4, வியாழன் இரவு. பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணனிக்குள் புகுந்த கள்வர்கள், நியூயோர்க்கில் அந்த வங்கி வைத்திருந்த பணத்திலிருந்து ஏறக்குறைய 95 கோடி டொலரை அனுப்பும்படி கட்டளையிட்டார்கள். மறுநாள் ஜும்ஆ, டாக்காவில் விடுமுறை. அடுத்து நியூயோர்க்கில் வார விடுமுறை. திங்களன்று மணிலாவில் சீனப் புத்தாண்டு. நாள் பார்த்துத்தான் கை வைத்திருக்கிறார்கள்!

பெரும்பாலான கட்டளைகள் தடுக்கப்பட்டன. 2 கோடி டொலர் நமது இலங்கைக்கே வந்தது. பெறுபவரின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற சொல் பிழையாக இருந்ததால் இடையிலிருந்த வங்கி சந்தேகித்தது, பணம் திரும்பியது. (எழுத்துப் பிழைக்குப் பிள்ளைகளைக் கண்டிப்பவன் நான். இந்தப் பிழையை மட்டும் மன்னித்துவிட்டேன்.) மணிலாவுக்குப் போன 8 கோடி 10 இலட்சம் டொலரில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்தது. கறுப்புப் பணத்தைத் தடுக்கும் சட்டம் அங்கே இருந்தது. சூதாட்ட விடுதிகள் மட்டும் அதற்குள் அடங்கவில்லை. 2017இல்தான் சேர்த்தார்கள். 2018இல் அமெரிக்கா ஒரு வடகொரியர் மீது குற்றம் சாட்டியது. வடகொரியா மறுத்துவிட்டது. அவரை யார் பிடித்துக் கொடுப்பது?

2001இல் ஐரோப்பிய நாடுகள் புடாபெஸ்டில் செய்த உடன்படிக்கையில் இலங்கை 2015இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை, தான் இல்லாத சபையில் எழுதிய சட்டம் என்பது அதன் குறை. 2024 டிசம்பர் 24இல் ஐ.நா. பொதுச்சபை புதிய உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. 40 நாடுகள் உறுதிப்படுத்தி 90 நாள் சென்ற பிறகே அது நடைமுறைக்கு வரும். இதைக் காட்டித் தம்மை விமர்சிப்பவர்களின் விபரங்களையும் அரசுகள் கேட்கலாம் என்று மனித உரிமை அமைப்புகள் அஞ்சுகின்றன. அந்த அச்சம் நியாயமே. ஒரு நாட்டில் குற்றமாவது மறுநாட்டில் கருத்துரிமை அல்லவா? ஆனாலும், பணம் போன தடயத்தை அழியாமல் வைத்திருக்கும் கடமையையாவது எல்லா நாடும் ஏற்பதில் என்ன தடை இருக்கிறது?

அதுவரை, ஏமாந்தது தெரிந்தவுடனேயே வங்கிக்கு அறிவியுங்கள். வெட்கப்பட்டு மறுநாள் வரை வைத்திருக்க வேண்டாம். அன்று இலங்கைக்கு வந்த பணம் தப்பியதும், கைமாறுமுன் யாரோ ஒருவர் நிறுத்திக் கேட்டதால்தான்.