காலங்கடந்த பிரிவு

இளையோர் பயிலும் ஏட்டில் காதற்கதை இடம்பெறலாமா என ஐயுறுவோர் நம்மிடையே பலர். அகத்திணையை நாற்பதாண்டு வகுப்பறையிற் பாடஞ்சொன்ன யான் 'கூடாது' என்பேனாயின், என் பழைய மாணாக்கரே என்னை எள்ளி நகையாடுவர். ஆதலின் அவ்வையத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, ஜப்பான் நாட்டிலே பள்ளி மாணவர்க்கென வெளிவந்த இதழ்களில் தோன்றிய கதையொன்றைப் பற்றிச் சில கூறுவல்.

'காலத்தைத் தாண்டிய சிறுமி' என்பது அதன் பெயர். யசுதாகா சுட்சுயி என்பார் 1965, 1966ஆம் ஆண்டுகளில் அதனைத் தொடர்கதையாக எழுதினார். 1967இல் அது நூலுருப் பெற்றது. 1983இல் திரைப்படமும் ஆயிற்று. யான் அதனை ஆங்கில மொழிபெயர்ப்பிற் படித்தேன்.

கசுகோ என்பாள் நடுநிலைப் பள்ளியின் இறுதி வகுப்பு மாணவி. ஒரு சனிக்கிழமை, பள்ளியின் அறிவியல் ஆய்வுக்கூடத்தைத் துப்புரவு செய்ய வந்தவளை, உடைந்த சோதனைக் குழாயினின்று எழுந்த நறுமணம் மயக்கி வீழ்த்துகின்றது. அது லாவெண்டர் என்னும் ஊதா நிறப் பூவின் மணம். சில நாள் சென்றபின், பள்ளிக்கு விரைந்தோடும் அவள்மேல் லாரி ஒன்று மோத வருகின்றது. அடுத்த நொடியில் அவள் தன் படுக்கையிற் கிடக்கின்றாள், நாளோ முதல்நாள்! கழிந்த நாள் மீண்டும் ஒருமுறை கழியத் தொடங்குகின்றது. அன்றிரவு நிலம் நடுங்கும் என்பதை அவள் அறிவாள். சொன்னால் நம்புவார் யார்?

இதன் வேரைத் தேடிச் செல்பவள், தன் வகுப்புத் தோழன் ஒருவனிடம் வந்து நிற்கின்றாள். அவன் அக்காலத்தவனே அல்லன், கி.பி. 2660இலிருந்து வந்தவன். தன் காலத்திற்கு மீளும் மருந்தை ஆக்கவே ஆய்வுக்கூடத்திற் புகுந்தான். அவன் அங்கு வந்து ஒரு திங்களே ஆயிற்று. நெடுநாள் உடன் பழகியவன் என்று அவள் நெஞ்சிலுள்ளதெல்லாம் அவன் புகுத்திய பொய்ந்நினைவு. இதனைச் சொல்லும் அவனே, தான் அவளை விரும்புவதாகவும் சொல்கின்றான். நினைவு பொய்யாயின் அன்பும் பொய்யோ? படிக்கும்போது இவ்விடத்தில் யான் நெடுநேரம் நின்றேன்.

அறிவியற் புனைகதை பலவற்றிற் பொறியும் மருந்தும் வேடிக்கைப் பொருளாகும். காதல் ஒட்டுப்போட்ட துணிபோல் தனியே தெரியும். இதிலோ அம்மருந்து இல்லையேல் அவர்கள் சந்திப்புமில்லை, பிரிவுமில்லை. நம் அகநூலார் பிரிவைப் பாலைக்கு உரியதாக்கினர். பொருள்தேடச் சென்ற தலைவன் சுரங்கடந்து மீள்வான். அவன் குறித்த கார்ப்பருவத்தை எண்ணித் தலைவி ஆற்றியிருப்பாள். கசுகோவுக்கோ எண்ணுதற்கு நாளும் இல்லை, நினைத்தற்கு முகமும் இல்லை. தன்னை அறிந்தார் அனைவர் நினைவையும் அழித்த பின்னரே அவன் செல்லவேண்டும். தன் நினைவையேனும் விட்டுவைக்குமாறு அவள் வேண்டுகின்றாள், அவன் இசைந்தானல்லன். மீண்டும் வருவதாகச் சொல்கின்றான், ஆனால் அப்போது அவளுக்கு அவன் புதியவன்.

பின்னொரு நாள் அவள் தெருவழியே செல்கின்றாள். ஒரு வீட்டின் பக்கமிருந்து லாவெண்டர் மணம் வருகின்றது. யாரோ ஒருவர் தன்னைக் காண வருவார் என்று அவள் நெஞ்சம் சொல்கின்றது. யாரென்று அவள் அறியாள். ஆசிரியர் கதையை அவ்வளவில் நிறுத்திவிட்டார்.