பெதவேகிப் பக்கத்து எண்ணெய்ப்பனை

விஜயவாடாவிலிருந்து விசாகப்பட்டினம் செல்லும் மார்க்கத்தில் ஏலூர் ஸ்டேஷனைக் கடந்து போகும் நம்மவர் பலருக்கு, அதற்கு வடக்கே சில மைல் தொலைவில் பெதவேகி என்றொரு சிற்றூர் இருப்பது தெரிந்திராது. சாலங்காயன மன்னர்கள் அரசாண்ட பழைய வேங்கி அதுவே. இன்று அவ்வூரைச் சூழ்ந்திருப்பவை எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். இம்மரத்துக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1995-இல் அங்கு ஏற்பட்டது. நம் அடுக்களைக்கு வரும் பாமாயிலில் பெரும்பகுதி மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து கப்பலேறி வருவது. அம்மரத்தை இங்கேயே காணும் ஆவலால் ஒரு விடுமுறை நாளில் சென்றோம்.

தோட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சி. 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்டு, ஏக்கருக்கு 57 மரம் வைக்கிறார்கள். குலை தென்னையைப் போல் தொங்குவதில்லை. மட்டையின் இடுக்கில் முள்ளுக்கு நடுவே அமர்ந்திருக்கிறது. கழித்த மட்டைகளை வரிசைகளுக்கிடையே பரப்பி ஈரம் காக்கின்றனர். நிழலில் கோக்கோச் செடி. பறித்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிடில் எண்ணெய் கெடும். சரக்கு தேங்கினால் வரும் வசவுகளை அறிந்த ரயில்வேக்காரராகிய நமக்கு இது நன்கு விளங்கிற்று!

ஐந்து ஏக்கர் உடைய குடியானவர் ஒருவர் இரண்டு பழங்களைப் பிளந்து காட்டினார். ஒன்றில் கொட்டையின் ஓடு தடிப்பு, அது டூரா. மற்றொன்றில் ஓடு மெலிந்து சதை மிகுந்திருந்தது, அது டெனரா. ஓடே இல்லாத பிசிபெரா என்பது மூன்றாவது. அதன் பெண் பூக்கள் பெரும்பாலும் மலடு. ஆனால் டூராவைத் தாயாகவும் பிசிபெராவைத் தந்தையாகவும் கொண்டு பிறப்பவை யாவும் டெனராவே. அன்றைய பெல்ஜியன் காங்கோவில் நடந்த ஆராய்ச்சியால் 1941-இல் இது வெளியாயிற்று.

சங்கடம் இனித்தான். நல்ல டெனராவின் கீழே உதிர்ந்து கிடக்கும் கொட்டையைப் பொறுக்கி முளைக்க வைத்தால், பெற்றோர் இருவருமே டெனராவாதலால், நான்கில் இரண்டுதான் டெனராவாகும். ஒன்று டூரா, ஒன்று பிசிபெரா. நாற்றில் கண்ணால் பார்த்து வேற்றுமை காண இயலாது. மூன்று நான்கு ஆண்டு வளர்த்துக் காய்த்த பிறகே தெரியும். வளர்ந்த மரத்துக்கு நாளொன்றுக்கு 150 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேறு.

"பக்கத்து நிலத்துக்காரர் நாற்றுச் செலவுக்கு அஞ்சி அப்படித்தான் செய்தார், ஐயா" என்று அவர் வேலிக்கப்பால் காட்டினார். காயாத மரங்கள் மற்றவற்றைவிடச் செழிப்பாகவே நின்றன. வெட்டினால் போட்ட பணம் போச்சு. வைத்திருந்தால் கிணற்று நீர் போகிறது. அவர் இன்னும் வெட்டவில்லை.