தோட்டாவின் மேலுறை

எங்கள் ஜெயமங்கலத்தில் தோட்டா என்றதும் பலருக்கும் முதலில் கிணறுதான் நினைவுக்கு வரும். பாறை தட்டிய கிணற்றில் குழி அடித்து, தோட்டா வைத்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓடிவந்து வரப்புக்குப் பின்னால் பதுங்கும் ஆட்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தாள் சுற்றிய அந்தக் குச்சிக்கும், துப்பாக்கியில் இடும் பித்தளைக் குப்பிக்கும் தமிழில் ஒரே பெயர்தான். யோசித்தால் அது சரி என்றே படுகிறது. வெடிமருந்தைத் தனியே கையாள முடியாது. எதிலாவது பொதிந்தாக வேண்டும். நம் ஊர் ஓலைவெடியில் பனையோலை செய்யும் வேலையும் அதுதான்.

இந்தப் பொதியலைப் பற்றி நான் யோசிக்க நேர்ந்தது ஒரு நண்பரால். அயல்நாட்டில் வசிக்கும் அவர், பழைய மாதிரியில் இன்று புதிதாகச் செய்யப்படும் கரிமருந்துக் கார்பைன்களை வைத்துக் குறி பார்த்துச் சுடும் ஒரு குழுவில் இருக்கிறார். கார்பைன் என்பது குதிரைவீரனுக்காகக் குழலைக் குறுக்கிச் செய்த துப்பாக்கி. அதற்குத் தோட்டாவின் உறை எதில் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குள் ஓயாத விவாதம். காகிதமா, பித்தளையா, ரப்பரா, பிளாஸ்டிக்கா? பொழுதுபோக்காளர்களின் சில்லறைச் சச்சரவு என்றே முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்க, அந்தக் கேள்விக்குள் நம்முடைய சரித்திரமும் கிடப்பதாகத் தோன்றியது.

உறையே இல்லாத துப்பாக்கியும் உண்டு. மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக் காவலுக்கு உரிமம் பெற்று வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி அவ்வகை. என் பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈயக் குண்டுகளைப் போட்டு, மறுபடி நாரை வைத்துக் கம்பியால் இடிப்பார். “இதுக்குத் தோட்டா கிடையாதா பெரியப்பா?” என்று கேட்டிருக்கிறேன். “கைதான்ப்பா தோட்டா. அளவு கைக்குத் தெரியணும்” என்றார். மழைத் தூறலில் அந்தத் துப்பாக்கி வெறும் தடி.

காகிதத் தோட்டா இந்தக் கையின் வேலையைத்தான் ஏற்றுக்கொண்டது. அளந்த மருந்தையும் குண்டையும் ஒரு பொட்டலமாகச் சுருட்டிக் கொடுத்துவிட்டால், சிப்பாய் அதன் முனையைப் பல்லால் கடித்துப் பிய்த்து, மருந்தைக் கொட்டி, குண்டை உள்ளே தள்ளினால் போதும். ஐரோப்பியப் படைகள் இதை நெடுங்காலமாகச் செய்துவந்தன. காகிதம் மலிவானது, எடை குறைந்தது. ஆனால் அது ஈரத்தைக் குடிக்கும். எனவே மெழுகோ கொழுப்போ பூசியாக வேண்டும். குண்டு குழலுக்குள் வழுக்கி இறங்கவும் அந்தப் பூச்சு தேவைப்பட்டது. பொறியியல் நோக்கில் இதில் குற்றம் காண எதுவும் இல்லை.

1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக்கான காகிதத் தோட்டாக்கள் இப்படித்தான் இந்தியாவுக்கு வந்தன. பூசிய கொழுப்பு எந்த மிருகத்தினுடையது என்று உறுதி செய்யும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. 1857 ஜனவரியில் டம்டமில் வதந்தி கிளம்பியது. பசு, பன்றிக் கொழுப்பு என்று பள்ளிப் பாடங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும் கதை இது. அந்த ஒரு வரிக்குள் அடங்காத இரண்டு செய்திகள் உண்டு.

முதலாவது பெர்ஹாம்பூரில். 1857 பிப்ரவரி 26 இரவு 19-ஆம் வங்கக் காலாட்படை தோட்டாக்களை ஏற்க மறுத்தது. அவை என்ஃபீல்டுத் தோட்டாக்களே அல்ல. பழைய மஸ்கட் துப்பாக்கிக்கானவை. ஆனால் காகிதம் இருவேறு நிறங்களில் இருந்ததைச் சிப்பாய்கள் கவனித்தார்கள். அந்த வேறுபாடே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டாவது மீரட்டில். ஏப்ரல் 24 அன்று மூன்றாம் இலகு குதிரைப்படையின் 90 பேர் அணிவகுப்பில் நிறுத்தப்பட்டார்கள். கொடுக்கப்பட்டவை அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்திவந்த பழைய கார்பைன் தோட்டாக்கள்தான். கடிக்க வேண்டாம், விரலால் கிழித்தால் போதும் என்று விதியும் தளர்த்தப்பட்டிருந்தது. அப்படியும் 85 பேர் தொட மறுத்தார்கள். மே 9 அன்று படை முழுவதும் பார்த்திருக்க அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மாலை மீரட் எரிந்தது.

அந்தத் தோட்டாக்களில் குறையில்லை என்று அன்றைய அதிகாரிகள் சொன்னது ஒருவகையில் உண்மையே. ஆயினும் அவர்கள் அடியோடு தவறினார்கள். தோட்டாவின் உறை மருந்தை மட்டும் பொதிவதில்லை. அதை எடுத்துக் கொடுப்பவனுக்கும் வாங்கிக் கொள்பவனுக்கும் இடையிலுள்ள நம்பிக்கையையும் சேர்த்துப் பொதிகிறது. அந்த நம்பிக்கை கெட்டபின் பழைய காகிதமும் புதிய காகிதமும் ஒன்றுதான். இதை அவர்கள் முன்பே கற்றிருக்க முடியும். அரை நூற்றாண்டுக்கு முன் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த எழுச்சிக்கான காரணங்களில், புதிய தலைப்பாகையில் பொருத்தப்பட்ட தோல் குஞ்சமும் ஒன்று. அங்கே தோல், இங்கே காகிதம். இரண்டையும் தேர்ந்தெடுத்தவர்கள், அவற்றை அணியவும் கடிக்கவும் வேண்டிய உடல்களைக் கணக்கில் கொள்ளவில்லை.

அடுத்து உலோகம் வந்தது. என்ஃபீல்டுகளைப் பின்புறம் மருந்திடும் ஸ்னைடர் துப்பாக்கிகளாக மாற்றியபோது, உல்விச்சில் இருந்த பாக்ஸர் என்ற அதிகாரி மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி ஒரு உறை செய்தார். பின்புறம் திறக்கும் துப்பாக்கியில் காகிதத்துக்குப் பெரிய குறை உண்டு. வெடிக்கும்போது எழும் வாயுவை அது அடைப்பதில்லை. பித்தளையோ அந்த அழுத்தத்தில் விரிந்து குழலின் அறைச்சுவரோடு ஒட்டி அடைத்துவிட்டு, பின் சற்றே சுருங்கி வெளியே வந்துவிடும். அதே காலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கார்பைன்கள் ஒவ்வொன்றும் ஒரு விடையை முயன்றன. ஷார்ப்ஸ் துணியையும் காகிதத்தையும் நம்பியது. ஸ்மித் ரப்பர் உறையை. பர்ன்சைடு கூம்பு வடிவப் பித்தளையை. மேனார்டு அடியில் சிறு துளையிட்ட பித்தளைக் குப்பியை. நண்பரின் குழுவினர் இன்றும் இவற்றுக்கிடையில்தான் வாதாடுகிறார்கள்.

1871-ல் ஏற்கப்பட்ட மார்ட்டினி-ஹென்றிக்கும் சுருள் தகட்டு உறையே தொடர்ந்தது. அதன் ரைஃபிளுக்கு 85 கிரெய்ன் மருந்து. கார்பைனுக்கு 70, குண்டும் இலேசானது. சூடேறிய குழலில் மெல்லிய தகடு ஒட்டிக்கொள்ளும். இழுக்கும் கொக்கி அடித்தட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வர, சுருள் உள்ளேயே தங்கிவிடும். 1885 ஜனவரியில் சூடானின் அபு க்லீயாவில், மணலும் வெப்பமும் சேர்ந்து, சண்டைக்கு நடுவே துப்பாக்கிகள் இப்படிச் சிக்கிக்கொண்டன. அதன்பின்தான் தகட்டுச் சுருள் விலகி, ஒரே வில்லையிலிருந்து கிண்ணமாக அழுத்தி நீளமாக இழுத்தெடுத்த திடப் பித்தளை உறை வந்தது. எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். அடித்து அடித்துக் கெட்டிப்படும் பித்தளையை இடையிடையே அனலில் காட்டி இளக்க வேண்டும் என்பது நம் பாத்திரக் கன்னார்களுக்கும் தெரிந்த விஷயம்.

இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்தத் திடப் பித்தளையும் இந்தியாவில் பிளந்தது. மழைக்காலத்தில் லாயங்களில் சேமித்துவைத்த தோட்டாக்களின் கழுத்துப் பகுதியில், சுடாமலேயே விரிசல் கண்டது. மழைக்காலத்தில் வந்ததால் ‘பருவ விரிசல்’ என்றே அதற்குப் பெயரிட்டார்கள். 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் விளக்கத்தைக் கண்டடைந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக் காற்று, உருவாக்கும்போதே உலோகத்துக்குள் சிறைப்பட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் கூடினால் பித்தளை பிளக்கும். மிதமான சூட்டில் வைத்து அந்த உள்ளிறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் பிளக்காது.

இந்தச் செய்தியைப் படித்தபோது வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்திருந்தேன். வெளியே பார்வைக்குக் குறையற்ற பளபளப்பு. உள்ளே சிறைப்பட்ட இறுக்கம். எங்கிருந்தோ வரும் ஒரு வாடை. 1857-ன் கோடையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது என்று பட்டது. வெளியிலிருந்து வந்த வதந்தி ஒரு காரணம்தான். இறுக்கம் முன்பே உள்ளே இருந்தது. மூவரும் உலோகத்தை ஆராய்ந்த பொறுமையோடு எந்த அதிகாரியும் மீரட்டை ஆராயவில்லை. விலங்கு பூட்டுவது எளிதாக இருந்தது. எழுச்சியை அடக்கிய பின்பும், இந்தியச் சிப்பாய்க்கு ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியையே கொடுப்பது என்ற கொள்கையைத்தான் கைக்கொண்டார்கள். 1869-ல் கிர்க்கியில் தோட்டாத் தொழிற்சாலை வந்தது. நம்பிக்கையை உற்பத்தி செய்யும் வழி அவர்களுக்கு அகப்படவில்லை.

எது நல்ல உறை என்ற கேள்விக்குக் கைப்பிரதிகள் தரும் விடை எளியது. ஒரே உறையைத் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டுமென்றால் பித்தளை. கரிமருந்தின் கசடு ஈரம் பட்டதும் அதை அரிக்கும் என்பதால், சுட்ட அன்றே சோப்பு நீரில் கழுவிவிட வேண்டும். பழைய அனுபவம் வேண்டுமென்றால் காகிதம். ஸ்மித் கார்பைனுக்கு ரப்பர் இருந்த இடத்தில் இன்று பிளாஸ்டிக் போதும். இவை குறியிடத்தில் நிற்பவனுக்குச் சரியான விடைகளே. ஆனால் எந்தப் பொருளும் தன்னளவில் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், யாருடைய கையில் என்று கேட்ட பிறகே அதன் குணம் தெரியவருகிறது. காகிதம் வாயிடம் தோற்றது, தகடு மணலிடம் தோற்றது, பித்தளை லாயத்திடம் தோற்றது. ஒவ்வொரு முறையும் பொருளைக் குறைசொல்லி மாற்றினார்கள். மாற்ற முடியாததாக எஞ்சியது, அதைக் கையில் வாங்கிய மனிதனிடம் எதையும் கேட்காத பழக்கம் ஒன்றுதான்.