நாட்டுப் படலமும் நானும்

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், அம்பத்தூரில் நான் மாலை மக்தப் நடத்திவந்த காலம். பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் சீறாப்புராணத்தைக் கொண்டுவந்து, நாட்டுப் படலத்துக்குப் பொருள் கேட்டான். அரபு மண்ணில் ஆறு பெருகுவதையும் நெல் விளைவதையும் உமறுப் புலவர் பாடும் பகுதி அது. "இல்லாததைப் பாடியது, நமக்கு வேண்டாம் தம்பி" என்று நூலை மூடிக் கொடுத்தேன். "சரிங்க ஹஜ்ரத்" என்றான். மறுபடி கேட்கவில்லை.

அன்று என் கையிலிருந்த அளவுகோல் 'அஷ்ஷுஅரா' அத்தியாயத்தின் இறுதி வசனங்கள். செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களை இறைமறை அங்கே கண்டிக்கிறது. ஈமான் கொண்டு நற்செயல் புரிவோருக்கு அவ்விடத்திலேயே விலக்கும் அளிக்கிறது. அந்த விலக்கை ஓதியிருந்தும் எடைபோடும்போது மறந்தேன்.

அண்மையில் கொரிய நாட்டுக் கவிதைத் திறனாய்வைப் பற்றிப் படித்தேன். அங்கும் அறமே அளவுகோல். பழஞ்சீனப் பாடல்களின் சாரம் மாசற்ற எண்ணமே என்று கன்பூசியஸ் கருதினார். அவர் வழிவந்த கொரியர் கவிதையில் கவிஞனின் உள்ளத்தைத் தேடினர். தோகே எனப்படும் இ ஹ்வாங் (1501-1570), 'ஹல்லிம் பியொல்கொக்' என்னும் பழம்பாடலைச் செருக்கும் களியாட்டமும் மிக்கதென்று தள்ளினார். நான் நூலை மூடியதைப் போலத்தான். ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. சிறுவர் பாடி ஆடட்டும் என்று 1565-இல் தாமே பன்னிரண்டு பாடல்களைக் கொரிய மொழியில் இயற்றினார். சீனக் கவிதையை ஓதலாம், பாட இயலாது. பாடத் தாய்மொழியே வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். சீனத்தில் கரைகண்டவர் சொன்னது இது!

நம் சீறாவின் வரலாறும் இதுதானே? அரபு மூலங்களை ஆலிம்கள் எடுத்துரைக்க, கடிகைமுத்துப் புலவரின் மாணாக்கரான உமறு 5027 விருத்தங்களில் பாடினார். நாடும் நகரும் பாடுவது தமிழ்க் காப்பிய மரபு. காணாத மண்ணைக் கண்ட மண்ணின் சாயலில் காட்டினார். அதைப் பொய்யென்று எப்படித் துணிந்தேனோ!

இன்னொன்றும் உறுத்துகிறது. கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களின் 'பானத் ஸுஆத்' கஸீதா ஒரு பெண்ணின் பிரிவைப் பாடித்தான் தொடங்குகிறது. அதைக் கேட்டுப் பெருமானார் (ஸல்) தம் போர்வையை அளித்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. அத்தொடக்கத்தை அரபுக் கவிதை மரபென்று ஆண்டுதோறும் விளக்கி வந்தவன் நான். அரபிக்குத் தந்த சலுகையைத் தமிழுக்கு மறுத்திருக்கிறேன்.

அம்மாணவன் இப்போது ஆவடியில் குடும்பத்தோடு இருக்கிறான். சென்ற மாதம் தன் மகளை என்னிடம் ஓதுவதற்கு அழைத்து வந்தான். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவனும் உடன் வரவேண்டும், அந்தப் பழைய நூலையும் எடுத்து வரவேண்டும் என்று சொல்லியனுப்பினேன்.